2021 ப்ளஸ் டூ பேட்சுக்கு வெளிநாட்டு அட்மிஷன்: பெற்றோரிடம் என்ன சொல்வது?

அல்சூர்வாசி:
பெங்களூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வெளிநாட்டுப் படிப்பு வழிகாட்டுதல் பார்க்கிறேன். எம்எஸ்ஸுக்குக் கிளம்பும் பிள்ளைகளில் பலர் 2021-ல் பொதுத்தேர்வு எழுதாமலே ப்ளஸ் டூ பாஸ் ஆனவர்கள். அந்த மார்க்கை எப்படி விளக்குவது? பெற்றோருக்கோ வேறு கவலை: மறுபடி ஒரு கொரோனா வந்து எல்லையை மூடினால் கட்டின பணம் என்னாகும்? "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரலை.

ஹெசரகட்டா ரோடு:
மார்க் விஷயம் லேசானது. சிபிஎஸ்இ அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றுக்கு 30, பன்னிரண்டுக்கு 40 சதவீதம் என்று கணக்கிட்டது. தமிழ்நாடு போர்டு 50, 20, 30. மார்க்‌ஷீட்டில் உள்ளதை அப்படியே போடுங்கள், சொந்தமாக எதையும் கூட்டிப் பெருக்க வேண்டாம். போர்டின் சுற்றறிக்கையைக் கூடவே இணைத்தால் போதும். எஸ்ஓபியில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) ஒரு வரிக்கு மேல் கொரோனா புராணம் வேண்டாம், படிப்பவருக்கு அது அலுத்துப்போய் நாளாகிறது.

கவனம் வேண்டிய இடம் பிரிட்டன். ப்ளஸ் டூ இங்கிலீஷ் மார்க்கை வைத்து ஐஈஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் டெஸ்ட்டைத் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்கள் அங்கே உண்டு. 2021 மார்க்கை ஏற்பீர்களா என்று ஈமெயிலில் கேட்டு, பதிலை ஃபைலில் வையுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

ராஜாஜிநகர்:
பணத்துக்கு வருகிறேன். பெற்றோருக்கு முதலில் புரியவைக்க வேண்டியது: அட்மிஷன் வேறு, விசா வேறு, நாட்டுக்குள் விடுவது வேறு. ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20-ல் கதவைச் சாத்தியது, மாணவர்களுக்குத் திறந்தது 2021 டிசம்பர் 15-ல். இடைப்பட்ட காலத்தில் முதல் இரண்டும் கையில் இருந்தும் வீட்டில் உட்கார்ந்தவர்கள் ஏராளம். கனடா 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை இந்தியாவிலிருந்து நேரடி விமானத்தை நிறுத்தியது. வேறு நாடு வழியாகப் போனவர்கள் அந்த நாட்டிலேயே கொரோனா டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தது. டிக்கெட் செலவு எகிறியது அதனால்தான். அமெரிக்கா 2020 ஜூலை 6-ல், முழுக்க ஆன்லைனில் படிப்பவர் நாட்டில் இருக்கக்கூடாது என்றது. ஹார்வர்டும் எம்ஐடியும் கோர்ட்டுக்குப் போக, 14-ம் தேதியே வாபஸ்.

ஆகவே டெபாசிட் கட்டுமுன் ரீஃபண்ட் விதியை வரிவரியாகப் படியுங்கள். "விசா மறுக்கப்பட்டால் திருப்பித் தருவோம்" என்றிருக்கும். விசா கிடைத்தும் உள்ளே போக முடியாத நிலைக்கு அது பொருந்தாமல் போகலாம். தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டிஃபர் செய்தால், அதாவது சேர்வதைத் தள்ளிப்போட்டால், ஸ்காலர்ஷிப் கூடவே வருமா, எத்தனை செமஸ்டர் வரை என்பதையும். ஆன்லைனில் படித்த காலம் பிறகு வேலை பெர்மிட்டுக்குக் கணக்காகுமா என்பது இன்னொன்று. கனடா 2022 செப்டம்பர் முதல் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் படித்ததைக் கழிக்கத் தொடங்கியது.

அமெரிக்காவுக்கு டிஃபர் என்றால் பழைய செவிஸ் நம்பரிலேயே (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு எண்) தேதி மாற்றி ஐ-20 கேளுங்கள், அது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம். புது நம்பர் வந்தால் ஏற்கெனவே கட்டிய 350 டாலர் செவிஸ் கட்டணத்தை அதற்கு மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கடனில் சாங்ஷன் வாங்கி வையுங்கள். விசா வரும்வரை முடிந்தவரை பணத்தை எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும். ஏஜென்ட் அக்கவுன்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது.

அல்சூர்வாசி:
நன்றி. கொரோனா காலத்தில் வந்த வீட்டிலிருந்தே எழுதும் இங்கிலீஷ் டெஸ்ட் இன்னும் செல்லுமா?

ஹெசரகட்டா ரோடு:
பல்கலைக்கழகம் ஏற்பது ஒன்று, விசா ஆபீஸ் ஏற்பது ஒன்று. ஆஸ்திரேலிய விசாவுக்கு வீட்டில் எழுதியது செல்லாது. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் சரி. பிஜி ரூமில் எழுதினால் ரூம்மேட் எட்டிப் பார்த்தாலே டெஸ்ட் ரத்தாகலாம். கரன்ட் போனால் வைஃபைக்கும் யுபிஎஸ் வேண்டும். டிஃபர் செய்பவர்கள் தேதியைப் பாருங்கள்: ஐஈஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய இங்கிலீஷ் டெஸ்ட் மார்க் 2 வருஷம் செல்லும், எம்எஸ் அட்மிஷனுக்கு எழுதும் ஜிஆர்ஈ 5 வருஷம்.

மடிவாளா மெயில்:
நம்ம ஊர்ப் பேரில் ஒரு வம்பு இருக்கு, அதைச் சேர்த்துக்குங்க. மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. அப்படிப் போனால் அமெரிக்க விசாவில் முதல் பேர் இடத்தில் "எஃப்என்யூ" (முதல் பேர் தெரியவில்லை) என்று அச்சாகும், அப்புறம் அங்கே பேங்க், லைசன்ஸ் எல்லாவற்றிலும் இழுபறி. 2021-ல் கோவின் தடுப்பூசிச் சான்றிதழில் பேர் பாஸ்போர்ட்டோடு பொருந்தாமல் திண்டாடியதும் இதே கூட்டம்தான். விண்ணப்பம் தொடங்குமுன் பாஸ்போர்ட்டில் அப்பா பேரை விரித்து எழுதிவிடுவது நல்லது.

தடுப்பூசியும் அப்படித்தான். கொரோனா ஊசி நிபந்தனையை அமெரிக்கா 2023 மே மாதத்தில் எடுத்துவிட்டது. ஆனால் பல காலேஜ்களின் ஹெல்த் ஃபார்மில் எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா தடுப்பூசி) 2 டோஸ் கேட்பார்கள், நடுவில் குறைந்தது 28 நாள் இடைவெளி. சின்ன வயசு கார்டு தொலைந்திருந்தால் ஜூலைக் கடைசியில் ஓடாமல் மே மாதத்திலேயே முதல் ஊசி போடச் சொல்லுங்க.