ஸ்காட்லாந்து என்.எச்.எஸ்.: "மாத நட்சத்திரம்" குழுவுக்கும் கூப்பிடுகிறார்கள், யூனியன் ஸ்டூவர்டாகவும் கூப்பிடுகிறார்கள். எதற்குப் போவது?

நைட்_ஷிஃப்ட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஸ்காட்லாந்தில் ஒரு என்.எச்.எஸ். (அரசுப் பொது மருத்துவ சேவை) மருத்துவமனையில் மெடிக்கல் வார்டில் பேண்ட் 5 (சம்பளப் படிநிலை) ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது, இன்னும் ஸ்பான்சர்ஷிப் விசாதான்.

எங்கள் வார்டில் "மாத நட்சத்திரம்" என்று ஒன்று நடக்கிறது. இன்ட்ராநெட்டில் ஒரு படிவம் இருக்கும், யார் யாரை வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், தேர்வானவருக்கு ஒரு சான்றிதழ், ஹேண்ட் ஓவர் (ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைப்பது) அறைச் சுவரில் படம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் நைட்டில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது அந்தச் சுவரை வரிசையாகப் பார்த்தேன். அத்தனை பேரும் பகலில் வேலை செய்கிறவர்கள். ஒரு டொமெஸ்டிக் (துப்புரவுப் பணியாளர்) இல்லை, ஒரு போர்ட்டர் இல்லை, நிரந்தரமாக நைட் பார்க்கிற இரண்டு ஹெல்த்கேர் சப்போர்ட் வொர்க்கர்கள் இருக்கிறார்கள், ராத்திரியில் வார்டே அவர்கள் தோளில்தான் நிற்கிறது, அவர்களும் இல்லை. இதை டீ குடிக்கும்போது யாரிடமோ வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரமே வார்டுக்குப் பொறுப்பான சீனியர் சார்ஜ் நர்ஸ் கூப்பிட்டு, "உனக்குத்தான் நிறைய யோசனை இருக்கிறதே, அந்தக் குழுவில் நீயே சேர்ந்துவிடு" என்றார்.

இதே நேரத்தில் எங்கள் யூனியன் ஸ்டூவர்ட் (வேலை இடத்தில் யூனியனின் பிரதிநிதி) ஓய்வு பெறப் போகிறார். அவர் இடத்துக்கு என்னை வரச் சொல்கிறார். பார்ட்னர்ஷிப் ஃபோரம் என்று ஒன்று இருக்கிறது, நிர்வாகமும் யூனியனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிற இடம், அங்கே போனால்தான் எதுவும் மாறும் என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன ஐமேட்டரில் (ஊழியர்களிடம் வருடா வருடம் எடுக்கிற கருத்துக்கணிப்பு), முடிவெடுப்பதில் எங்களையும் கலந்துகொள்கிறார்களா என்கிற இடத்தில்தான் எங்கள் டீமுக்கு மதிப்பெண் அடிமட்டம். அதற்குப் போட்ட ஆக்‌ஷன் பிளான் என்ன தெரியுமா? "ஒருவரையொருவர் இன்னும் அதிகமாகப் பாராட்டுவோம்." எங்கள் பிரச்சினை பாராட்டே இல்லை. ஆஃப் டியூட்டி (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்கிற பட்டியல்) இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கையில் கிடைக்கிறது, அதை யாரும் எழுதவில்லை.

விசாவில் இருக்கிறவள் ஸ்டூவர்ட் ஆனால் ஏதாவது சிக்கல் வருமா? பார்ட்னர்ஷிப் என்பதே நிர்வாகம் சொல்வதற்குத் தலையாட்டுவதுதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஸ்டூவர்ட் எழுதியது:

முதலில் விசா பயத்தை எடுத்துவிடலாம் சகோதரி. யூனியனில் சேர்ந்ததற்காகவோ யூனியன் வேலை செய்ததற்காகவோ ஒருவருக்குக் கெடுதல் செய்யக்கூடாது என்று 1992 சட்டமே சொல்கிறது. அதில் பாஸ்போர்ட் நிறமெல்லாம் கிடையாது. ஸ்பான்சர்ஷிப் உங்கள் வேலைக்குக் கொடுத்தது, நீங்கள் யூனியனில் இருக்கிறீர்களா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூவர்டுக்கு யூனியன் கடமைகளுக்காகச் சம்பளத்தோடு நேரம் கொடுக்கவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வார்டில் ஆள் குறைவாக இருக்கிற அன்றைக்கு அந்த நேரத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப உங்களுக்கே மனசு வராது. அது சட்டத்தால் தீராத பிரச்சினை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது தலையாட்டல். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஸ்காட்லாந்தில் இது யாரோ நல்ல மனசு படைத்த மேனேஜர் தொடங்கிய ஏற்பாடு இல்லை. 2004இல் வந்த என்.எச்.எஸ். சீர்திருத்தச் சட்டம், ஊழியர்களைச் சரியாக நடத்துவதை ஒவ்வொரு ஹெல்த் போர்டின் (அந்தந்தப் பகுதியின் என்.எச்.எஸ். நிர்வாகம்) சட்டக் கடமையாகவே ஆக்கியது. பணத்துக்கும் சிகிச்சைத் தரத்துக்கும் போர்டு பதில் சொல்கிற மாதிரி இதற்கும் சொல்லவேண்டும். அதன் பெயர் ஸ்டாஃப் கவர்னன்ஸ் ஸ்டாண்டர்டு. ஊழியருக்குத் தகவல் தெரிந்திருக்கவேண்டும், பயிற்சி கிடைக்கவேண்டும், தங்களைப் பாதிக்கிற முடிவுகளில் பங்கு இருக்கவேண்டும், மரியாதையோடும் பாரபட்சமில்லாமலும் நடத்தவேண்டும், வேலை செய்கிற இடம் பாதுகாப்பாக இருக்கவேண்டும். இந்த ஐந்துதான். ஐமேட்டரில் வருகிற கேள்விகளும் இந்த ஐந்தை ஒட்டித்தான். உங்கள் டீம் மூன்றாவதில் அடி வாங்கியிருக்கிறது, மருந்து வேறு எதற்கோ போட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு போர்டிலும் எம்ப்ளாயி டைரக்டர் என்று ஒருவர் இருப்பார். இது நிறையப் பேருக்குத் தெரியாது. பெயரைக் கொடுப்பது யூனியன் தரப்பு, நியமிப்பது அமைச்சர். சேர்மன், சீஃப் எக்ஸிகியூட்டிவ் எல்லாரும் உட்காருகிற அதே போர்டு மேஜையில் முழு உறுப்பினராக உட்காருவார். ஏரியா பார்ட்னர்ஷிப் ஃபோரத்தைப் பெரும்பாலும் அவரும் சீஃப் எக்ஸிகியூட்டிவும் சேர்ந்துதான் நடத்துவார்கள். அதற்குக் கீழே உள்ளூர் ஃபோரங்கள். உங்கள் ஆஃப் டியூட்டி பிரச்சினை போகவேண்டிய இடம் அந்த உள்ளூர் ஃபோரம்.

சம்பளம் அங்கே பேசமாட்டார்கள். அது ஸ்காட்லாந்து முழுமைக்கும் மேலே நடக்கிற பேச்சுவார்த்தை. அதை எதிர்பார்த்துப் போனால் முதல் கூட்டத்திலேயே சலித்துவிடும்.

என் அனுபவம் ஒன்று. எங்களுக்கும் ஆஃப் டியூட்டி கடைசி நேரத்தில்தான் வரும். ஃபோரத்தில் முதல் தடவை புலம்பினேன், குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டாவது தடவை வேறு மாதிரி போனேன். நான்கு மாத ஆஃப் டியூட்டியையும் எடுத்து, எந்தத் தேதியில் ஒட்டினார்கள், அதற்கப்புறம் எத்தனை ஷிஃப்ட் மாற்றினார்கள், கடைசி நேரத்தில் எத்தனை ஷிஃப்டுக்குப் பேங்க் ஆட்களை, அதாவது தேவைப்படும்போது மட்டும் வருகிற தற்காலிக ஊழியர்களை, கூப்பிட்டார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன். பேங்க் செலவைப் பார்த்ததும் நிதிப் பிரிவிலிருந்து வந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு வாரம் முன்னால் ஒட்டுவது என்று முடிவாயிற்று. எல்லா மாதமும் சொன்னபடி நடந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் நடக்காத மாதம் யாரிடம் போய்க் கேட்பது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தள்ளுவண்டி எழுதியது:

நான் போர்ட்டர். பெரியவர் சொல்வதெல்லாம் காகிதத்தில் சரி. ஆனால் அந்த ஃபோரத்தில் பேசிய எதுவும் எங்கள் போர்ட்டர் ரூம் வரைக்கும் வந்து சேர்ந்ததில்லை. கூட்டக் குறிப்பை இன்ட்ராநெட்டில் போட்டுவிட்டோம் என்பார்கள். எங்கள் பதினாலு பேருக்கும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர், அதில் பாஸ்வேர்டு காலாவதியாகாமல் இருக்கிறவர்கள் நாலு பேர்.

பாராட்டைப் பற்றிக் கேட்டீர்கள். 2020இல் வியாழக்கிழமை தோறும் ராத்திரி எட்டு மணிக்குக் கைதட்டினார்கள். சந்தோஷம், நான் அந்த நேரத்தில் பெரும்பாலும் பிணவறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்புறம் நவம்பர் கடைசியில் ஸ்காட்லாந்து அரசு 500 பவுண்டு நன்றிப்பணம் என்று அறிவித்தது, அதற்கு வரி உண்டு, வரி போடுவது யார் குற்றம் என்று எடின்பரோவும் லண்டனும் சண்டை போட்டுக்கொண்டார்கள், கையில் வந்தது வரி போக மிச்சம். 2021இல் மொத்த என்.எச்.எஸ்.ஸுக்கும் ஜார்ஜ் கிராஸ் பதக்கம். என் பங்கு எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு நிஜமாகவே பாராட்டு மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான். 2024 ஏப்ரலில் வார வேலை நேரத்தை 37½ மணியிலிருந்து 37 ஆக்கினார்கள், சம்பளம் குறையவில்லை. அரை மணி நேரம் என்று சிரிக்காதீர்கள். பதினொன்றரை மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு 23 வாரத்துக்கு ஒரு முழு ஷிஃப்ட் மிச்சம். அந்த நாளில் நான் தூங்கினேன். எந்தச் சான்றிதழும் என்னைத் தூங்கவைத்ததில்லை.

பழைய_ஸ்டூவர்ட் எழுதியது:

தம்பி, அந்த அரை மணி நேரம் வானத்திலிருந்து விழவில்லையே. 2023 சம்பள ஒப்பந்தத்தில் யூனியன்கள் உட்கார்ந்து பேசி வாங்கியது. பயிற்சிக்குப் பாதுகாக்கப்பட்ட நேரமும், பேண்ட் 5 நர்ஸ் வேலையை மறுமதிப்பீடு செய்வதும் அதே ஒப்பந்தத்தில் வந்தவைதான். நைட்_ஷிஃப்ட், நீங்கள் பேண்ட் 5, அந்த மறுமதிப்பீட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்க முடியுமா என்று உங்கள் யூனியனிடம் கட்டாயம் கேளுங்கள். ராத்திரியில் வார்டு பொறுப்பு எடுப்பது, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று பேண்டுக்கு மேலே எத்தனை வேலை செய்கிறீர்களோ அதற்கெல்லாம் பெயர் வைத்து எழுதுகிற வாய்ப்பு அது.

இன்ட்ராநெட் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். அதில் எனக்குப் பதில் இல்லை.

வார்டு_சாவி எழுதியது:

நான் மேஜைக்கு அந்தப் பக்கம். சீனியர் சார்ஜ் நர்ஸ். அடிப்பதென்றால் அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் கேளுங்கள்.

ஐமேட்டர் ரிப்போர்ட் வந்ததும் டீமோடு உட்கார்ந்து, நன்றாக நடப்பது ஒன்று, சரிசெய்யவேண்டியது ஒன்றிலிருந்து மூன்று என்று எழுதிப் பதிவேற்றவேண்டும். அதற்குக் கெடுவும் உண்டு. வார்டில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்கவே முடியாது. அதனால் கெடுவுக்கு முதல் நாள் மத்தியானம் யார் கண்ணில் பட்டார்களோ அவர்களை வைத்து எழுதுவோம், யாருக்கும் கோபம் வராத வாக்கியமாக எழுதுவோம். "இன்னும் பாராட்டுவோம்" என்பது அப்படிப் பிறந்த வாக்கியம்தான், நானும் எழுதியிருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது ராத்திரி ஹேண்ட் ஓவருக்கு முன்னால் பதினைந்து நிமிடம், பகலில் பதினைந்து நிமிடம் என்று இரண்டாகப் பிரித்துச் செய்கிறேன். கம்ப்யூட்டர் பக்கம் வராதவர்களுக்கு ஐமேட்டரைக் காகிதத்திலும் குறுஞ்செய்தியிலும் அனுப்ப வழி இருக்கிறது. கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

மாத நட்சத்திரத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம். காரணம் நீங்கள் பார்த்த அதே சுவர். ஒருவருக்குக் கொடுத்தால் இருபத்தைந்து பேருக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது, அதுவும் படிவம் நிரப்ப நேரம் உள்ளவர்களின் நண்பர்கள்தான் ஜெயிப்பார்கள். இப்போது நான் செய்வது சின்ன விஷயம். "நல்லா பண்ணீங்க" என்று பொதுவாகச் சொல்வதில்லை. "நாலாம் படுக்கை அம்மாவின் பேச்சு லேசாகக் குழறுகிறது என்று டொமெஸ்டிக் தான் முதலில் வந்து சொன்னார், ஸ்ட்ரோக் டீம் நேரத்துக்கு வந்தது" என்று ஹேண்ட் ஓவரில் பெயரோடு சொல்லுவேன், அவருடைய சூப்பர்வைசருக்கு ஒரு வரி மெயிலும் போடுவேன். அந்த டொமெஸ்டிக் அம்மா அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்.

இன்னொன்று. ஆள் பற்றாக்குறை பற்றி ஷிஃப்டில் குரல் கொடுத்தால், என்ன முடிவெடுத்தோம் என்று குரல் கொடுத்தவருக்கே திரும்பச் சொல்லவேண்டும் என்கிறது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஸ்டாஃபிங் சட்டம். முடிவு உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் அதையும் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். நிறையப் பேர் டேடிக்ஸ் (கம்ப்யூட்டரில் சம்பவப் பதிவு) போட்டதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். என் மாதிரி ஆட்களுக்கு அது தலைவலிதான், இருந்தாலும் சொல்கிறேன்.

தெற்கே_இருந்து எழுதியது:

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். எங்களுக்கு இன்னும் 37½ மணிதான், படித்துவிட்டு வயிறு எரிகிறது. இங்கேயும் சோஷியல் பார்ட்னர்ஷிப் ஃபோரம் என்று இருக்கிறது, வருடா வருடம் ஸ்டாஃப் சர்வேயில் "நல்ல வேலைக்குக் கிடைக்கும் அங்கீகாரம் திருப்தியா" என்று நேராகவே கேட்கிறார்கள். ஆனால் சட்டப்படி எம்ப்ளாயி டைரக்டர் என்று யாரும் எங்கள் போர்டில் கிடையாது. உங்களிடம் இருப்பதை விட்டுவிடாதீர்கள் அக்கா.

நைட்_ஷிஃப்ட் எழுதியது:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. நாலு நாள் தொடர்ந்து நைட், அதனால்தான் தாமதம்.

நட்சத்திரக் குழுவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வார்டு_சாவி சொன்னதை அப்படியே சொன்னேன், பெயரோடு ஹேண்ட் ஓவரில் சொல்லலாமே என்று. சீனியர் சார்ஜ் நர்ஸ் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் இரண்டு நாள் கழித்து நைட் ஹெல்த்கேர் ஒருவரைப் பற்றிக் காலை ஹேண்ட் ஓவரில் சொன்னார். அவர் அப்போது கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார், பாதிதான் காதில் விழுந்தது, என்ன சொன்னாங்க என்று என்னிடம் கேட்டார். முழுசாகச் சொன்னேன்.

ஸ்டூவர்ட் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு முன்னால் ஆஃப் டியூட்டி ஒட்டிய தேதிகளை எழுத ஆரம்பித்துவிட்டேன், மூன்று மாதம் கிடைத்துவிட்டது, நாலாவது மாதத்தின் தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். பழைய_ஸ்டூவர்ட் அண்ணா, பேங்க் ஷிஃப்ட் கணக்கை நீங்கள் யாரிடமிருந்து வாங்கினீர்கள்? வார்டில் கேட்டால் தருவார்களா, இல்லை யூனியன் வழியாகத்தான் கேட்கவேண்டுமா?

தள்ளுவண்டி, உங்கள் போர்ட்டர் ரூமுக்குக் கூட்டக் குறிப்பைக் காகிதத்தில் ஒட்டச் சொல்லி யாராவது இதுவரை கேட்டிருக்கிறார்களா?

தள்ளுவண்டி எழுதியது:

இல்லை. ஒட்ட இடம் இருக்கிறது, கெட்டிலுக்கு மேலே.