ஹாஸ்டல் மாணவர், விடிய விடிய கேம்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி
நான் கிளாஸ் அட்வைசர். பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், இரவு 11 மணிக்கு பிஜிஎம்ஐ (மொபைலில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்) தொடங்கினால் 3 மணி வரை விளையாடுகிறார். நடந்தது 200 பீரியட், வந்தது 136. மூன்று அரியர். போனைப் பிடுங்கிவிடச் சொல்கிறார் அப்பா. இது அடிமைத்தனம்தானா? என்ன செய்யலாம்?

பதில் 1
மணிக்கணக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள் சார். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்), கேம் அடிமைத்தனத்துக்கு மூன்றைப் பார்க்கிறது: நினைத்தாலும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. படிப்போ உறவோ கணிசமாகக் கெட்டிருக்க வேண்டும். வழக்கமாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். செமஸ்டர் லீவில் எப்படி இருந்தார் என்று வீட்டில் கேளுங்கள். அங்கே தானாகக் குறைந்திருந்தால் ஹாஸ்டல் சூழலைத்தான் முதலில் பார்க்கணும். அரியர் முதலில் வந்ததா, கேம் முதலில் வந்ததா என்பதும் முக்கியம். தோல்விக்குப் பயந்து கேமுக்குள் ஒளிகிற பிள்ளைகள் நிறைய.

பதில் 2
போனைப் பிடுங்கினால் பக்கத்து ரூம் போனில் ஆடுவார், உங்களிடம் பொய்யும் சொல்வார். 12 மணிக்கு அலாரம் வைப்பதும் வேலைக்கு ஆகாது. பெரிய மேப்பில் ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும். அலாரம் அடிக்கும்போது அவர் நடுவில் இருப்பார். பாதியில் வெளியேறினால், சேர்ந்து ஆடும் மூன்று பேரும் திட்டுவார்கள். அதனால் அளவை மேட்ச் கணக்கில் வையுங்கள்: இரண்டே மேட்ச், கடைசி மேட்ச் 10.30-க்குள் தொடங்கியாக வேண்டும். ஸ்க்வாடில் நாலு பேரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள், தனியாக இவரைத் திருத்த முடியாது. தூங்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாமல் எழும் நேரத்தைப் பிடியுங்கள்: 6.30, ஞாயிறும் அதே. மாலை 4 மணித் தூக்கம் கூடவே கூடாது, அதுதான் ராத்திரியைக் கெடுக்கிறது. சார்ஜர் கட்டிலருகே வேண்டாம்.

பதில் 3
குறைக்க ஆரம்பித்ததும் எரிச்சல், சிடுசிடுப்பு வரும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு, குளியல் விட்டுப்போனாலோ, யூசி (கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கக் கடன் வாங்கினாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று பேசினாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. நேரில் பார்க்க மனநல மருத்துவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ஷட் கிளினிக் இருக்கிறது.

அட்டெண்டன்ஸ் கணக்கை அவர் கையாலேயே போட வையுங்கள். இப்போது 68%. இனி தொடர்ந்து 56 பீரியட் வந்தால் 256-க்கு 192, சரியாக 75%. நாளைக்கு 7 பீரியட் என்றால் எட்டே நாள். செமஸ்டரே போச்சு என்று நினைத்திருக்கும் பையனுக்கு அந்த எட்டு நாளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், தினமும் டிக் போடட்டும்.