மசாச்சோவின் 'ஆலய வரி': எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சுதைச்சுவர்
ஃபிளாரன்ஸ், பிரங்காச்சி சிற்றாலயம், இடது சுவர், மேல்வரிசை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் மசாச்சோ ஈரப்பூச்சுச் சுவர்ல வரைஞ்ச படம். கதை மத்தேயு நற்செய்தியில இருக்கு: ஆலய வரி கேட்டு வந்தப்போ, ஏரிக்குப் போய் மீன் பிடி, அது வாயில இருக்கிற காசை எடுத்துக் கட்டுன்னு இயேசு தன் சீடர் பேதுருகிட்ட சொல்றார். இனி நேரா விஷயத்துக்கு வர்றேன். உறுத்துறது இடது ஓரத்துப் பேதுரு. போர்வையைக் கழற்றிப் பக்கத்துல போட்டுட்டு, ஏரிக்கரையில குந்தி மீன் வாயைப் பிளக்கிறார். கிட்டத்தட்ட 6 மீட்டர் அகலப் படத்துல இத்தனூண்டு உருவம். யாரோ மீனவர்னு கண் தாண்டிப் போயிடுது. அதிசயம் நடக்கிற இடத்தைப் போய் ஏன் ஓரங்கட்டினார்?

வலப்பக்க ஜன்னல்
ஓரங்கட்டல. நாம இடமிருந்து வலமாப் படிக்கிறதுதான் கோளாறு. நடு, இடது, அப்புறம் வலதுன்னு போகணும். நடுவுல வரி கேட்கிறவன் நமக்கு முதுகு காட்டி நிற்கிறான்; ஒரு கை இயேசு பக்கம் நீளுது, மறு கை வலப்பக்கக் கட்டடத்தைக் காட்டுது. இயேசுவின் கை ஏரிப்பக்கம். பேதுருவும் அதே கையை அதே பக்கம் நீட்டுறார், 'அங்கேயா?'ன்னு கேட்கிற மாதிரி. அந்த ரெண்டு கையையும் பிடிச்சுப் போனா ஏரி. அங்கிருந்து ஒரே தாவல், வலது ஓரத்துல காசு கைமாறுது. ஒரே படத்துல பேதுரு மூணு தடவை வர்றார்: நரைத்த தாடி, நீல அங்கி, மஞ்சள் போர்வை. வரிக்காரன் ரெண்டு தடவை: குட்டை உடை, வெறுங்கால், தலையில ஒளிவட்டம் கிடையாது.

மத்தேயு_17
வரிசை சரி. ஆனா 'அதிசயம் நடக்கிற இடம்' மத்தேயுவுலேயே கிடையாது. 17:27-ல் இயேசு சொல்றதோட அதிகாரமே முடியுது. பேதுரு போனாரா, மீன் கிடைச்சுதா, ஒண்ணும் எழுதல. ஏரியும் வலது ஓரமும் ஓவியர் நிரப்பினது. 'இராயனுடையதை இராயனுக்கு' வசனத்தையும் இதுல இழுக்காதீங்க. அது 22-ஆம் அதிகாரம், ரோமருக்குக் கட்டுற வரி. இது எருசலேம் ஆலய வரி, ஆளுக்கு 2 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு). மீன் வாயில இருக்கிறது 4 திராக்மா நாணயம், இயேசுவுக்கும் பேதுருவுக்கும். மிச்சம் 11 சீடர் கணக்கை மத்தேயு பேசவே இல்ல.

கணக்கப்பிள்ளை
வசனம் எதுவா இருந்தா என்ன? 1427-ல் ஃபிளாரன்ஸ் 'கதாஸ்தோ' சொத்துவரி கொண்டு வந்துச்சு. பணம் போட்டவர் பட்டு வியாபாரி பிரங்காச்சி. வரி கட்டுங்கன்னு சொல்ற படம்தான் இது.

வலப்பக்க ஜன்னல்
அவ்வளவு சுலபமா முடிச்சிடாதீங்க. சிற்றாலய வேலை அந்த வரிக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. சுவர் முழுக்கப் பேதுருவின் வாழ்க்கைதான் முக்கியமா ஓடுது, அதுல இது ஒரு காட்சி.

யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்றேன். முதல்ல நிழலைப் பாருங்க, எல்லாம் இடப்பக்கம் விழும். பலிபீடச் சுவரின் நிஜ ஜன்னல் இந்தப் படத்துக்கு வலப்பக்கம் இருக்கிறதால, படத்துக்குள்ள வரைஞ்ச வெளிச்சத்தையும் மசாச்சோ அங்கிருந்தே வரவிட்டிருக்கார். அடுத்து, ஒரு பிரதி எடுத்து வலப்பக்கக் கட்டடத்தின் விளிம்புகள் மேல ஸ்கேல் வைங்க. கோடெல்லாம் இயேசுவின் தலையில வந்து சேரும். அந்த முகம் மட்டும் மிச்ச முகங்களைவிட மென்மையா இருக்கும், அதே சிற்றாலயத்துல கூட வேலை செஞ்ச ஓவியர் மசோலினோ வரைஞ்சதுன்னு பலர் சொல்றது அதனாலதான். ஒளிவட்டங்களும் தட்டையா ஒட்டின தட்டு இல்ல, தலை திரும்புற பக்கம் சாயும். ஈரப்பூச்சு காயறதுக்குள்ள வர்ணம் ஏறணும்ங்கிறதால அன்னன்னிக்கு வேண்டிய அளவுதான் பூசுவாங்க; ஒருநாள் பூச்சும் அடுத்த நாள் பூச்சும் சேர்ற ஒட்டுக்கோடுகளை வச்சு எண்ணினா 32 நாள் வேலை. வர்ணத்தை வச்சு வாதாடப் போறீங்கன்னா 1980-களில் சுத்தம் பண்றதுக்கு முந்தைய அச்சுப் படங்களை நம்பாதீங்க. 1771 தீவிபத்துப் புகையும் பழைய அழுக்கும் சேர்ந்து எல்லாத்தையும் பழுப்பாக்கியிருந்துச்சு.

சுதைச்சுவர்
'ஓரங்கட்டல்' வாபஸ். ஆனா குந்தினதுல பேதுரு முகம் சிவந்திருக்கிறதை, 16-ஆம் நூற்றாண்டுல ஓவியர்கள் வரலாறு எழுதின வசாரியே கவனிச்சு எழுதியிருக்கார். அவ்வளவு கிட்டப் பார்த்த மனுஷன், காசு மீனோட வயித்துலேர்ந்து வருதுன்னு எழுதிட்டுப் போயிட்டாரே!