வரைகலைப் பணிக்குப் புதிய மேசைக் கணினி: பணத்தை எதில் போடுவது?

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்) கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நானும் என் கணவரும் சிறிய வடிவமைப்புக் கடை ஒன்றை நடத்தி வருகிறோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் ஆலயத் திருவிழாப் பதாகைகள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான பேனர்கள், திருமண அழைப்பிதழ்கள், கருமக்கிரியை அட்டைகள் என எல்லாமே எங்களிடம் வருகின்றன. அச்சு இயந்திரம் எங்களிடம் இல்லை. கோப்பைத் தயாரித்து ஈப்போவிலுள்ள அச்சகத்துக்கு அனுப்பிவிடுவோம்.

இப்போதுள்ள கணினியில் 8 ஜிபி ரேம்தான் (வேலையின்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) இருக்கிறது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், வாடிக்கையாளர்களின் குடும்பப் படங்கள் இருக்கும் கணினியைத் தொடர்ந்து இணையத்தில் இணைத்து வைக்க மனம் ஒப்பவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, ஆலய நுழைவாயிலில் கட்டும் 10 அடிக்கு 20 அடி பதாகையைப் போட்டோஷாப்பில் திறந்தால், அம்மன் படத்தைச் சற்று நகர்த்துவதற்குள் திரை அசையாமல் நின்றுவிடுகிறது. போட்டோஷாப்போடு இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா ஆகியவற்றையும் பயன்படுத்துகிறோம்.

திரையையும் சேர்த்து 5,500 ரிங்கிட் வரை செலவிட முடியும். ஈப்போவில் ஒரு கடைக்காரர், விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் கொண்ட விளையாட்டுக் கணினி ஒன்றைப் பரிந்துரைத்தார். உறவினர் ஒருவர் மேக் மினி வாங்கச் சொல்கிறார். எங்களுக்கு எது பொருந்தும்? இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: திரையில் பளிச்சென்று தெரியும் குங்குமச் சிவப்பு அச்சில் மங்கி வருகிறது, ஆலய நிர்வாகத்தினர் காரணம் கேட்டால் எங்களால் பதில் சொல்ல முடிவதில்லை. புதுக் கணினி வாங்கினால் அதுவும் சரியாகிவிடுமா?

பழுதுபார்ப்பவர் (ஈப்போ) எழுதியது:

வணக்கம் சகோதரி. நீங்கள் சொன்ன பதாகையை வைத்தே கணக்குப் பார்ப்போம். 10 அடிக்கு 20 அடி என்றால் 120 அங்குலத்துக்கு 240 அங்குலம். அங்குலத்துக்கு 100 புள்ளி வீதம் அமைத்தால் 12,000 பெருக்கல் 24,000, அதாவது 288 மில்லியன் புள்ளிகள். அச்சுக்கான சிஎம்ஒய்கே (நான்கு மை வண்ண) முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட் தேவைப்படுவதால், ஒரே ஒரு முழு அடுக்குக்கே 1 ஜிபிக்கு மேல் ஆகிறது. பின்னணி, அம்மன் படம், பூ அலங்காரம், நிர்வாகத்தினரின் படங்கள் என்று அடுக்குகள் கூடக்கூட, அவற்றோடு முந்தைய நிலைக்குத் திரும்புவதற்காக மென்பொருள் சேமித்து வைப்பதும் சேர்ந்து, 8 ஜிபி எப்போதோ தீர்ந்துவிடும். ரேம் தீர்ந்த பிறகு போட்டோஷாப் வட்டில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்குகிறது. உங்கள் திரை நின்றுபோவது அந்த நேரத்தில்தான்.

ஆகவே முதல் செலவு ரேமுக்கு. 32 ஜிபிக்குக் குறைய வேண்டாம். 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பது உண்மைதான், ஆனாலும் இந்த இடத்தில் மிச்சம் பிடித்தால் இப்போது படும் பாட்டையே புதுக் கணினியிலும் படுவீர்கள். 16 ஜிபி தகடுகளாக இரண்டைப் போடுங்கள். அடுத்தது கோப்புகளைச் சேமிக்கும் வேகமான வட்டு: என்விஎம்இ வகை எஸ்எஸ்டி, 1 டிபி அளவில்.

கடைக்காரர் காட்டியது கெட்ட கணினி அல்ல, உங்கள் வேலைக்குப் பொருந்தாத கணினி. இல்லஸ்ட்ரேட்டரின் பெரும்பாலான வேலைகளும் போட்டோஷாப்பின் பல வேலைகளும் புரோசசரின் ஒற்றைக் கோரின் (அதனுள் உள்ள ஒரு செயற்பகுதியின்) வேகத்தையே நம்பியிருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு உதவுவது பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் சில ஃபில்டர்களுக்கும்தான். முப்பரிமாண வேலையோ காணொளித் தொகுப்போ இல்லாதவரை ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற எளிய கார்டே போதும். ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் புரோசசரைச் செருகும் இடம்) பொருந்தும் ரைசன் 5 அல்லது ரைசன் 7 புரோசசரை வாங்கினால், பிற்பாடு மதர்போர்டை மாற்றாமலேயே புரோசசரை மட்டும் மாற்ற வாய்ப்பிருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறையைக் கடைக்காரர் காட்டினால், அவற்றில் சில பழுதாகக் காரணமான மின்னழுத்தக் குறைக்கு 2024-இல் வெளிவந்த திருத்தம் பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

அச்சுக்கு முந்திய வேலை (ஈப்போ) எழுதியது:

சிவப்பு மங்குவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் என் அன்றாட வேலையே அதுதான். எந்தக் கணினி வாங்கினாலும் அந்தக் குறை தானாகப் போகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சோ மையால் காட்டுகிறது. திரையில் சிவப்பை 255-க்கு ஏற்றினால் கிடைக்கும் அந்தப் பளிச்சென்ற நிறம் நான்கு வண்ண மையின் எல்லைக்குள்ளேயே இல்லை. மஜெந்தா 100, மஞ்சள் 100 என்று போட்டாலும் கிடைப்பது சற்று அடங்கிய சிவப்புதான். காவி, மயில் நீலம், இளம் பச்சை ஆகியவையும் இப்படியே அடங்கிவிடும். உங்கள் அச்சகத்தாரிடம் அவர்களுடைய இயந்திரத்துக்கும் பதாகைத் துணிக்கும் உரிய ஐசிசி புரொஃபைல் என்னும் நிற விவரக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதைப் போட்டோஷாப்பில் ஏற்றி, கன்ட்ரோல், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அச்சில் வரப்போகும் நிறத்தை ஏறக்குறைய முன்கூட்டியே திரையில் காணலாம். ஆலயத் தலைவர் ஒப்புதல் தர உட்காரும்போது அந்தத் தோற்றத்தையே காட்டுங்கள். அவர் பார்த்து ஒப்புக்கொண்ட சிவப்பும் தொங்கப்போகும் சிவப்பும் அப்போதுதான் நெருங்கி வரும்.

இதெல்லாம் பயன்பட வேண்டுமானால் திரை நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டும். 27 அங்குலம், 2560 பெருக்கல் 1440 புள்ளிகள், ஐபிஎஸ் வகை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), எஸ்ஆர்ஜிபி என்னும் பொதுவான நிறப்பரப்பை முழுமையாகக் காட்டுவது என்று தேடுங்கள். இதற்கு 1,000 ரிங்கிட்டாவது ஒதுக்கி வையுங்கள். விளையாட்டுத் திரைகளில் 165 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) என்று போட்டிருப்பதற்கு நீங்கள் கூடுதலாகப் பணம் தர வேண்டியதில்லை. வாங்கி வந்ததும் கண்ணைப் பறிக்கும் ‘விவிட்’ அமைப்பை அணைத்து எஸ்ஆர்ஜிபி அமைப்பில் வையுங்கள், வெளிச்சத்தையும் குறையுங்கள். பெரும்பாலான திரைகள் கடையில் எடுப்பாகத் தெரிவதற்காக அளவுக்கு மீறிய வெளிச்சத்தோடு வருகின்றன, அந்த வெளிச்சத்தில் சரிசெய்த படம் தாளில் இருண்டுபோகும். மேசையைத் தெருவுக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி, வாசல் வெயில் திரையில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு ஆர்வலர் (தைப்பிங்) எழுதியது:

மேக் மினியைக் குறித்து ஒரு வார்த்தை. எம்4 சில்லோடு 2024-இல் வந்த மேக் மினி நல்ல கருவி. அடிப்படை அமைப்பிலேயே 16 ஜிபி நினைவகம் இருக்கிறது. ஆனால் வாங்கிய பிறகு நினைவகத்தைக் கூட்ட வழியில்லை. உங்களுடைய பதாகை அளவுக்கு 24 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட அமைப்பைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டியிருக்கும், திரைக்கும் தனியாகச் செலவு. கோரல் டிரா 2019-இல் மேக்குக்குத் திரும்பி வந்துவிட்டது என்றாலும், பல ஆண்டுகளாக விண்டோஸில் சேர்த்து வைத்திருக்கும் அழைப்பிதழ்க் கோப்புகள் பழைய, யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத தமிழ் எழுத்துருக்களில் இருந்தால், மாறுவதற்கு முன் அவற்றில் சிலவற்றை அங்கே திறந்து பார்ப்பது மிக அவசியம். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு விண்டோஸையே பரிந்துரைப்பேன்.

எந்தக் கணினியானாலும் புதிதாக மென்பொருளை நிறுவியவுடன் தமிழுக்கான அமைப்பைச் சரிபாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரின் எழுத்து அமைப்புகளில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசர் என்னும் எழுத்துக் கோர்ப்பு முறையை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கொடியேற்றம்’ என்று தட்டும்போது கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நிற்கும். அச்சாகி மரத்தில் கட்டிய பிறகு அதைத் திருத்த முடியாது.

செம்பனைச்சாலை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் பழைய கோப்புகளில் பாதிக்கு மேல் யூனிகோட் அல்லாதவை என்பதால் விண்டோஸ் என்றே முடிவு செய்துவிட்டோம். மாலை மழையில் இடி இடித்தால் எங்கள் வரிசைக் கடைகளில் மின்சாரம் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. அதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம், ஐயா?

பழுதுபார்ப்பவர் (ஈப்போ) எழுதியது:

அதைக் கேட்டது நல்லதாயிற்று. மின்னல் மிக அதிகமாக விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று; என்னிடம் வரும் கணினிகளில் மின்னலால் போன பவர் சப்ளையும் போர்டும் நிறைய. மின்னழுத்தத்தைச் சீராக்கும் லைன் இன்டராக்டிவ் வகை யுபிஎஸ் (மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் மின்கலப் பெட்டி) ஒன்றை, 1,000 விஏ திறனில், உங்கள் தொகைக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அது வேலையைத் தொடர்வதற்கு அல்ல, கோப்பைச் சேமித்து முறையாக அணைப்பதற்குத்தான். எனவே கணினியையும் திரையையும் மட்டும் அதில் செருகுங்கள், சிறிய பிரிண்டர் ஏதும் இருந்தால் அதைச் செருக வேண்டாம். இடி நெருங்கிவிட்டால் யுபிஎஸ்ஸையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதே பாதுகாப்பு. பலர் மறந்துவிடும் இணையக் கம்பியையும் கணினியிலிருந்து கழற்றுங்கள்; ரௌட்டரின் அடாப்டர் வழியாகப் புகும் மின்னதிர்ச்சி அந்தக் கம்பியில் ஏறிப் போர்டை எரித்துவிடும். முடிந்த வேலைகளை வெளி வட்டில் படியெடுத்து, அந்த வட்டைக் கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள்.

ஈப்போவின் யிக் ஃபூங் கணினிக் கடை வளாகத்துக்கோ வேறு எங்கேயோ வாங்கப் போகும்போது, உங்களிடம் உள்ளதிலேயே பெரிய பதாகைக் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் போட்டோஷாப் இருக்குமானால் அங்கேயே அதைத் திறந்து, அம்மன் படத்தை நகர்த்திப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.