வயலடியில ஒரு சிவப்புப் புள்ளி

குழு: தம்பலகாமம் வீடு

4:12 அண்ணா: மாமா, வயலடியில ஏதும் நெருப்போ? நெருப்பு எரியிற இடங்களைக் காட்டுற நாசாட ஃபேர்ம்ஸ் வரைபடத்தில வாய்க்காலுக்கு அங்கால சிவப்புப் புள்ளி ஒண்டு. பகல் ஒண்டரை மட்டில செய்மதி கண்டிருக்கு.

4:15 மாமி: புகை வந்தது தம்பி. கொடியில கிடந்த உடுப்பெல்லாம் கரி. சின்னவளுக்கு மத்தியானம் துவக்கம் முட்டு இழுக்குது.

4:16 அம்மா: ஐயோ! முட்டுக்கு அடிக்கிற பம்ப் கிடக்கோ?

4:17 மாமி: ஓம் மச்சாள், அடிச்சிட்டன். இப்ப பரவாயில்லை.

4:21 மாமா: எங்கட இல்லை. சிறுபோக வெட்டு முடிஞ்சதெல்லோ, அங்கால் காணிக்காரர் வைக்கல் கொளுத்தினவை. அணைஞ்சிருக்கும்.

4:24 அண்ணா: ஒருக்காப் போய்ப் பாருங்கோ மாமா. கச்சான் காத்து அடிக்குது. அந்தச் செய்மதியள் இனி இரவு ஒண்டரை மட்டிலதான் எங்களுக்கு மேலால போகும். அதுக்கிடையில பரவினா வரைபடத்தில தெரியாமப் போகலாம்.

4:26 அம்மா: ரிவியில மேகம் காட்டுற செய்மதி எந்த நேரமும் மேலதானே நிக்குது?

4:29 அண்ணா: ஓம் அம்மா, இந்தியாட இன்சாற் 3டிஎஸ். 82 பாகை கிழக்கில, 36,000 கிலோமீற்றர் உயரத்தில நிக்குது. மேகம் பாக்க அது திறம். ஆனா வெப்பம் பாக்கேக்க அதின்ர படத்தில ஒவ்வொரு புள்ளியும் 4 கிலோமீற்றர் அகலம், வைக்கல் நெருப்பு அதுக்குள்ள கரைஞ்சிடும். நான் பாத்தது தாழப் பறக்கிறது, அதின்ர புள்ளியள் 375 மீற்றர் அகலம்தான். அதுவும் ஆற்ற காணி எண்டு சொல்லாது. மேகம் மூடினா அதுவும் இல்லை.

4:52 மாமா: 📷
நல்ல காலம் சொன்னாய். வைக்கல் சாம்பலாக் கிடக்கு, ஆனா வரம்படியில பழைய பாலைக் கட்டை உள்ளுக்க கனன்டுகொண்டு கிடந்தது. காத்து ஊத ஊதப் பொறி பறக்குது. பத்தடி அங்கால வடலி, கீழ முழுக்கக் காவோலை. ஏழு வாளி ஊத்தினாப் பிறகுதான் சீறுறது நிண்டது.

4:53 அம்மா: கடவுளே.

5:03 அண்ணா: எங்கட வைக்கலைக் கொளுத்த வேண்டாம் மாமா. பயிர் எடுத்த பொட்டாசியத்தில பெரும் பங்கு வைக்கலுக்குள்ளதான் கிடக்கு. கொளுத்தினா நைதரசன் கிட்டத்தட்ட முழுக்கப் புகையாப் போயிடும். பிறகு அதைத்தான் பசளையா காசு குடுத்து வாங்கிறம்.

5:06 மாமா: வைக்கல் உழவு மெசினில சுத்துது எண்டு மெசின்காரர் ஏசுவாங்கள். சரி, மாட்டுக்காரர் கேட்டவை, ஏத்திக்கொண்டு போகட்டும். மிச்சத்தை வடிவாப் பரவி விடுறன். பெரும்போகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணி திறக்க உழுது தாட்டுவம்.

5:09 மாமி: அங்கால் காணிக்காரரிட்டையும் சொல்லுங்கோ. சண்டைக்குப் போக வேண்டாம், பிள்ளை இழுத்த இழுவையைச் சொல்லுங்கோ.

5:10 மாமா: பொழுதுபடப் போறன்.