8,400 ஆர்பிஎம் சுற்றும் எம்3: கனெக்டிங் ராட் பேரிங்கை முன்கூட்டியே மாற்ற வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். பழைய பிஎம்டபிள்யூ இ92 எம்3 ஒன்றை வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன், 4.0 லிட்டர் வி8, எஸ்65 இன்ஜின். விசாரித்த இடங்களிலெல்லாம் முதலில் எச்சரிப்பது கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டனைக் கிராங்க் என்னும் சுழல்தண்டோடு இணைக்கும் ராடின் கீழ்முனையில் இருக்கும் தாங்கி) தேய்மானத்தைப் பற்றித்தான். ஆனால் 9,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 9,000 சுற்று) வரை சுற்றும் ஹோண்டா எஸ்2000 பற்றி அப்படியொரு பேச்சு அடிபடுவதில்லை. அதிகமாகச் சுற்றுவதுதான் காரணம் என்றால் அந்தக் கோளாறு ஹோண்டாவுக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? பேரிங்கை முன்கூட்டியே மாற்றுவதா, சத்தம் வந்தபின் பார்த்துக்கொள்வதா?

பதில் 1:
ஆர்பிஎம் எண்ணை மட்டும் வைத்துத் தேய்மானத்தைக் கணிக்க முடியாது. எஸ்2000-இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போகும் தூரம்) 84 மி.மீ.; 9,000-இல் அதன் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. எஸ்65-இன் ஸ்ட்ரோக் 75.2 மி.மீ. மட்டுமே என்பதால், 8,400-இலும் அதன் பிஸ்டன் வேகம் 21 மீட்டர்தான். அந்த வகையில் எம்3-க்குத்தான் சிரமம் குறைவு.

பேரிங்கின் ஆயுளோ அதற்கும் கிராங்க்குக்கும் இடையே நிற்கும் ஆயில் படலத்தைப் பொறுத்தது. எஸ்65-இல் அந்த இடைவெளி மிகக் குறுகலாக வைக்கப்பட்டது என்பதும், அதில் 10டபிள்யூ-60 போன்ற கெட்டியான ஆயில் குளிர்ந்த நிலையில் எளிதாகப் புகாது என்பதும், இந்த இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்த பலரின் கணிப்பு. சுழற்சி வேகம் இரு மடங்கானால் பிஸ்டனும் ராடும் பேரிங்கை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். ஆகவே, ஆயில் சூடேறுவதற்கு முன் இன்ஜினை விரட்டுவதுதான் உண்மையான கேடு. எம்3-இன் டாகோமீட்டரை (ஆர்பிஎம் காட்டும் மீட்டரை)ச் சுற்றி எரியும் எச்சரிக்கை விளக்குகள் ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்து, அனுமதிக்கப்படும் வேகத்தை உயர்த்திக்கொண்டே போவது இதற்காகத்தான். தண்ணீர் சூடாகிவிட்டது என்பதற்காக ஆயிலும் தயாராகிவிட்டதாக எண்ணக் கூடாது.

பதில் 2:
சத்தம் வரும்வரை தயவுசெய்து காத்திருக்காதீர்கள். தட்டும் ஓசை கேட்கும்போது கிராங்க் பெரும்பாலும் கீறப்பட்டிருக்கும். அதன்பின் இன்ஜினையே பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டிவரும். பேரிங் மாற்றுவதற்கோ இன்ஜினை வெளியே எடுக்கத் தேவையில்லை, சம்ப்பை (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை)க் கழற்றிக் கீழிருந்தே செய்யலாம். ராட் போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஆயில் பரிசோதனை உதவும் என்றாலும், அதை மட்டும் நம்ப வேண்டாம்: எஸ்65-இல் முதலில் போடப்பட்ட வகைப் பேரிங்கில் தேய்மானம் ஈயமாகவும் செம்பாகவும் ஆயிலில் தெரியும், பின்னர் வந்த வகையில் ஈயம் இல்லாததால் அந்த அடையாளமும் கிடைக்காது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எஸ்2000 வாங்கினால் கவலையே இல்லையா?

பதில் 1:
கவலை வேறு இடத்தில் இருக்கிறது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர், ஆக்சிலரேட்டரால் ஏறும் வேகத்தைத்தான் தடுக்கும். ஐந்தாவது கியர் போடுவதற்குப் பதிலாக மூன்றாவதைப் போட்டுக் கிளட்ச்சை விட்டால், சக்கரங்களே இன்ஜினை எல்லை தாண்டிச் சுற்றிவிடும். 2.0 லிட்டர் எஸ்2000-இல் இதனால் வால்வு ஸ்பிரிங் ரிடெய்னர்கள் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து வைக்கும் மூடிகள்) விரிசல் விடுவது தெரிந்த விஷயம். இன்ஜின் சீராக ஓடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் வால்வு கழன்று பிஸ்டன் மேல் விழும். வாங்குவதற்கு முன் வால்வு கவரைத் திறந்து, வால்வு லாக்குகள் (ரிடெய்னரை வால்வுத் தண்டில் பூட்டும் சிறு துண்டுகள்) ரிடெய்னருக்குள் இறங்கியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விற்பவர் அதற்கு இசையவில்லை என்றால் வேறு கார் தேடுங்கள்.