கமாண்டர் மேஜையில கோப்ளின் கூட்டமா, நீல-வெள்ளைத் தடுப்பா?

கணவாய்க்காத்து, கொழிஞ்சாம்பாறை:
ஞாயித்துக்கிழமை வேலந்தாவளத்துல நாலு பேர் உக்காந்து மேஜிக் கமாண்டர் ஆடறோம். மேஜிக்ங்கற சீட்டு விளையாட்டுல, ஆளுக்கு ஒரு கமாண்டர் கார்டைத் தலைவனாத் தனியா வெச்சு ஆடற வகை இது. கிரென்கோங்கற கோப்ளின் தலைவனைக் கமாண்டரா வெச்ச என் டெக்கை (சீட்டுக்கட்டை)ப் பாத்துட்டு, "கூட்டம் சேத்து அடிக்கறதெல்லாம் ரெண்டு பேர் ஆட்டத்துக்குத்தான்"னு நீல-வெள்ளைத் தடுப்பு டெக் ஆடற சித்தூர் அண்ணா சொல்லிட்டாரு. எனக்கு அது ஒப்பலைங்க. கிரென்கோவை இறக்க 4 மானா (கார்டு இறக்கக் கட்டற விலை). அவனை டேப் பண்ணினா, அதாவது கார்டைப் பக்கவாட்டுல திருப்பினா, நம்மகிட்ட எத்தனை கோப்ளின் இருக்கோ அத்தனை புதுசா வரும், அவனும் கணக்குல சேத்தி. அடுத்தடுத்த முறையில 2, 4, 8, 16. அப்படி வர்ற கோப்ளினுக்கு அடையாளமா, டோக்கனா, நான் புளியங்கொட்டைதான் வெக்கறேன், இந்தக் காத்துக்குக் காயிதம் நிக்கறதில்லை. பத்துப் பத்தா குவிச்சு வெச்சா எதிர்ல இருக்கறவங்க மொகமே மாறிடுது. இதை எப்படி ஆகாதுன்னு சொல்றீங்க?

சித்தூர்நீலம்:
தம்பி, நான் சொன்னதை முழுசாச் சொல்லுங்க. ரெண்டு பேர் ஆட்டத்துல எதிராளிக்கு உயிர் 20. கமாண்டர்ல தலைக்கு 40, மூணு பேரை முடிக்க 120. ஆறு மடங்கு அடிக்கணும். அதுவரைக்கும் நாங்க மூணு பேரும் சும்மா இருப்போமா? 3 மானாவுக்கு நான் புரொபகண்டா இறக்கிட்டா, என்மேல வர்ற ஒவ்வொரு கோப்ளினுக்கும் நீங்க 2 மானா கட்டணும். 16 பேரை அனுப்ப 32 மானா. அப்புறம் ராத் ஆஃப் காட், 4 மானாதான், மேஜையில இருக்கற கிரீச்சர் (கோப்ளின் மாதிரி சண்டை போடற ஆளுங்க) எல்லாம் காலி. கமாண்டரைத் திரும்ப இறக்கறப்பெல்லாம் விலை 2 கூடும், கிரென்கோ திரும்ப வர 6, அதுக்கடுத்து 8.

கணவாய்க்காத்து:
அடிக்கவே போகாம முடிக்கலாமுங்க. இம்பாக்ட் ட்ரெமர்ஸ், 2 மானா. ஒரு கோப்ளின் உள்ள வந்தாலே எதிராளிங்க ஒவ்வொருத்தருக்கும் 1 போகும். 8 பேர் வந்தா தலைக்கு 8, மொத்தம் 24. புரொபகண்டா அங்க என்ன பண்ணும்?

சித்தூர்நீலம்:
அதுக்குத்தான் கவுண்டர்ஸ்பெல் இருக்கு, நீங்க போடற கார்டை இறங்கறதுக்கு முன்னாடியே ரத்து பண்ணிடும்.

கணவாய்க்காத்து:
100 கார்டுல அது ஒண்ணே ஒண்ணுதாங்ணா வெக்க முடியும். வேற தடுப்புக் கார்டு எத்தனை வெச்சாலும் நேரத்துக்குக் கைக்கு வரணுமே. என் கிரென்கோ தனியா வெளியில காத்திருக்கறவன், எப்ப வேணாலும் கூப்பிடலாம்.

மீனாட்சிபுரத்தக்கா:
நான் ரெண்டு பேர்கூடவும் ஆடறவ, அதனால சொல்றேன். சித்தூர் அண்ணா, தம்பியோட கார்டை நீங்க தடுத்தா உங்களுக்கு ஒண்ணு செலவு, அவனுக்கு ஒண்ணு செலவு. எனக்கும் நாலாவது ஆளுக்கும் கை நிறைய அப்படியே இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தற கணக்கு நாலு பேர் மேஜையில உங்களைத்தான் இளைக்க வெக்கும். ஒரே கார்டுல எல்லாத்தையும் வழிச்சு எடுக்கறதுதான் இங்க தடுப்பு. பிளாஸ்பமஸ் ஆக்ட் பாருங்க. விலை 9, ஆனா மேஜையில இருக்கற ஒவ்வொரு கிரீச்சருக்கும் 1 குறையும். 8 இருந்தாலே ஒரு சிவப்பு மானா போதும், ஒவ்வொண்ணுக்கும் 13 அடி. தம்பி கூட்டம் சேக்கச் சேக்க எனக்கு விலை இறங்கிட்டே வருது. அவன் கையில நாலு கார்டையாவது மிச்சம் வெச்சு ஆடணும், மொத்தத்தையும் கொட்டக் கூடாது.

சித்தூர்நீலம்:
கமாண்டரோட நிறத்துலதான் டெக் இருக்கணும், என் நீல-வெள்ளையில சிவப்புக் கார்டை வெக்க விதி விடாதுங்க. கை இளைக்கறதுக்கு ரிஸ்டிக் ஸ்டடி இருக்கே. எதிராளி ஒரு கார்டு போடறப்ப 1 மானா சேத்துக் கட்டலைன்னா என் டெக்குல இருந்து நான் ஒரு கார்டு எடுத்துக்குவேன். ரெண்டு பேர் ஆட்டத்துல ஒருத்தர்கிட்ட இருந்துதான் வரும், இங்க மூணு பேர்கிட்ட இருந்து வருது. நாலு பேர் மேஜை தடுப்பு டெக்குக்குத்தான் அதிகம் குடுக்குது.

கணவாய்க்காத்து:
அப்ப ஸ்டடி இறங்கின அந்த முறையே எல்லாரும் உங்க மேலதான் பாயணும். மேஜையில கூட்டம் வெச்சிருக்கறவனைத்தான் பயந்து அடிக்கறாங்க, கையில ஒம்பது கார்டு வெச்சிருக்கறவரை யாரும் தொடறதில்லை. அதுதான் உங்க டெக்கோட பலமே, நீலக் கார்டு இல்லைங்க.

மீனாட்சிபுரத்தக்கா:
இதுல நான் தம்பி பக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்டடிக்கு மூணு பேரும் தவறாம 1 கட்டிட்டே ஆடுவோம். அப்பவும் சித்தூர் அண்ணா ஜெயிச்சாருன்னா நான் ஒத்துக்கறேன். பிளாஸ்பமஸ் ஆக்ட் என் டெக்குல இருக்கும், அதை எடுக்க மாட்டேன்.